முதல் விமானம்: செஸ்னாவா, பைப்பரா, டயமண்டா, சிரஸா?

அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்த சில மாதங்களிலேயே பலருக்கும் சொந்தமாக ஒரு விமானம் வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளியின் விமானத்தை வாடகைக்கு எடுப்பது ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துவிடும். சனிக்கிழமை காலை வானம் பளிச்சென்று இருக்கும். விமானத்தை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பார். அதன் பிறகு இரவெல்லாம் விற்பனை விளம்பரங்களைப் பார்ப்பதே வேலையாகிவிடும். அப்படிப் பார்த்துக் குழம்பியவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். எது பாதுகாப்பானது? சிறு விமானம் செய்யும் செஸ்னா, பைப்பர், டயமண்ட், சிரஸ் கம்பெனிகளில் எதை நம்பலாம்? நாற்பது, ஐம்பது ஆண்டு பழையதை வாங்கலாமா? நான்கு இருக்கை இருக்கிறதே, நான்கு பேர் போகலாம்தானே?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் முறை. மற்றவற்றுக்கான விடையையும் அதுவே பாதி சொல்லிவிடும்.

செஸ்னா 172 எஸ் மாடலை எடுத்துக்கொள்வோம். கிளம்பும்போது அதன் மொத்த எடை 2,550 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதாவது 1,157 கிலோ. விமானத்தின் சொந்த எடை போக, ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது ஏறக்குறைய 870 பவுண்டு, 395 கிலோ. டேங்க்கை நிரப்பினால் பயன்படக்கூடிய எரிபொருள் 53 காலன். காலனுக்கு 6 பவுண்டு வீதம் அதுவே 144 கிலோ ஆகிவிடுகிறது. மீதி இருப்பது 250 கிலோ. ஆளுக்கு 80 கிலோ வீதம் மூன்று பேர் ஏறினால் பத்து கிலோவுக்குத்தான் இடம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், மனைவியையும் சேர்த்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால், எரிபொருளைப் பாதிக்குக் குறைத்தாக வேண்டும். வழியில் ஒரு முறை இறங்கியாக வேண்டும். கோடை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்துவிடுவதால் கணக்கில் இடம் இருந்தாலும் விமானம் மேலேறத் திணறும். ‘நான்கு இருக்கை’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது இருக்கைகளின் எண்ணிக்கையை மட்டுமே. பைப்பர் ஆர்ச்சரின் இன்றைய மாடலுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

அடுத்தது தூரம். ஹூஸ்டனிலிருந்து டாலஸுக்கு ஏறத்தாழ 200 கடல் மைல். 172 ஒன்று 120 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நாற்பது நிமிடம் பிடிக்கும். சிரஸின் எஸ்ஆர்22 மாடல் 180 நாட் வேகத்தில் ஒரு மணி ஏழு நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடும். வித்தியாசம் முப்பத்து மூன்று நிமிடம். புது எஸ்ஆர்22 ஒன்றின் விலை பத்து லட்சம் டாலரை நெருங்குகிறது. ஒழுங்காகப் பராமரித்த 1970களின் 172 ஒன்று ஒரு லட்சம் டாலரை ஒட்டிக் கிடைக்கும். வார இறுதியில் 200 மைல் போய் வருகிறவருக்கு அந்த அரைமணி நேரத்துக்கு அவ்வளவு விலை தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தேவையில்லை.

ஆனால் டாலஸிலிருந்து டென்வருக்குப் போகிறவரின் கணக்கு வேறு. ஏறத்தாழ 560 கடல் மைல். சிரஸில் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம். 172இல் எதிர்க்காற்று இல்லாமலேயே நாலே முக்கால் மணி. வழியில் எரிபொருளுக்கு இறங்கினால் ஐந்தரை. அதோடு டென்வர் பக்கத்தில் உள்ள சென்டெனியல் விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 5,885 அடியில் இருக்கிறது. ஜூலை மாத மதியத்தில் 160 குதிரைத்திறன் எஞ்சினோடு முழு எடையைச் சுமந்து அங்கிருந்து கிளம்புவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். மாதம் இருமுறை அந்தத் தூரம் போகிறவர் வேகமும் திறனும் உள்ள விமானத்தைத்தான் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் போகிறவர் அந்த ஒரு முறைக்கு வழக்கமான பயணிகள் விமானத்தில் டிக்கெட் எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

செஸ்னாவும் பைப்பரும்

பத்தில் எட்டுப் பேரின் தேவை இந்த இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிடும் என்பது என் கருத்து. செஸ்னா 172 முதலில் பறந்தது 1955இல். இதுவரை 44,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. பைப்பர் பிஏ-28 வரிசை, அதாவது செரோக்கி, வாரியர், ஆர்ச்சர் என்று பல பெயர்களில் வரும் குடும்பம், 1960களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. அதிலும் 32,000க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. உதிரிபாகம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் கிடைக்குமா என்ற கவலை இவை இரண்டிலும் மிகக் குறைவு. கன்சாஸில் ஒரு சிறு ஊரில் நின்றுபோனாலும் அங்கிருக்கும் மெக்கானிக் இவற்றில் ஏதோ ஒன்றை ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருப்பார்.

172இன் உறுதிக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1958 டிசம்பர் 4 அன்று ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் லாஸ் வேகஸிலிருந்து ஒரு 172இல் கிளம்பினார்கள். கீழே ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாக எரிபொருளை மேலே இழுத்துக்கொண்டு, தரையைத் தொடாமல் 64 நாள் 22 மணி நேரம் பறந்து 1959 பிப்ரவரி 7 அன்று இறங்கினார்கள். அந்த விமானம் இன்றும் லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் தொங்குகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தலையைத் தூக்கிப் பாருங்கள்.

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இறக்கையில். செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேலே. பைப்பரின் இறக்கை இருக்கைக்குக் கீழே. எது அழகு என்பது அவரவர் விருப்பம். புழக்கத்தில் வரும் வித்தியாசம்தான் முக்கியம். செஸ்னாவில் இருபுறமும் கதவு. படியில் கால் வைத்து உள்ளே உட்கார்ந்துவிடலாம். மழையில் இறக்கையே குடை, வெயிலில் நிழல். கீழே இருக்கும் நிலமெல்லாம் தெரியும். பைப்பரில் ஒரே கதவு, அதுவும் வலப்பக்கம். இறக்கை மேல் ஏறி, குனிந்து, விமானி முதலில் நுழைந்து இடப்பக்க இருக்கைக்கு நகர வேண்டும். இறங்கும்போது அவரே கடைசி. முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்த இறக்கை மேல் ஏற்றுவது லேசான காரியமல்ல. பெற்றோரை அடிக்கடி அழைத்துப் போக நினைப்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே செஸ்னாவை வாங்கலாம்.

எரிபொருள் விஷயத்திலும் ஒரு முக்கியமான வேறுபாடு. செஸ்னா 172இல் இரு இறக்கை டேங்க்குகளிலிருந்தும் ஒரே நேரத்தில் எரிபொருள் இறங்கும்படி குமிழை வைத்துவிடலாம். புவியீர்ப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளும். பைப்பரில் ‘இடது’ அல்லது ‘வலது’ மட்டும்தான். அரை மணிக்கு ஒரு தடவை விமானி கையால் மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும். ஒழுங்காகப் பழகிக்கொண்டால் இது பெரிய குறையல்ல. ஆனால் புது விமானி தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

பைப்பரின் பக்கம் நிற்கும் வாதம் எடை. 1960களின் செரோக்கி 180 விமானங்களில் பல 450 கிலோ வரை சுமக்கும்; அதே காலத்து 172ஐவிட இது கணிசமாக அதிகம். தரையோடு ஒட்டிய இறக்கையும் அகலமான சக்கர அமைப்பும் பக்கக்காற்றில் ஓடுபாதையில் உருண்டு போகும்போது நிதானம் தருகின்றன. என் சொந்தப் பணம் என்றால், படியேறுவதில் சிரமம் இல்லாத குடும்பம் என்றால், நான் 180 குதிரைத்திறன் பைப்பரையே எடுப்பேன்.

இரண்டிலும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. 172இல் விமானியின் இருக்கை தண்டவாளம் போன்ற இரு உலோகப் பட்டைகளில் முன்னும் பின்னும் நகரும். பட்டையில் வரிசையாகத் துளைகள்; இருக்கையின் ஊசி அதில் விழுந்து பூட்டிக்கொள்ளும். துளைகள் தேய்ந்துபோனால் ஊசி சரியாக விழாது. ஓடுபாதையை விட்டு மூக்கு உயரும் அந்த நொடியில் இருக்கை சர்ரென்று பின்னால் போகும். பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் விமானி கட்டுப்பாட்டுப் பிடியையே இழுப்பார். மூக்கு இன்னும் தூக்கும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 1987இல் இதற்குக் கட்டாய ஆய்வு உத்தரவு போட்டது. பழைய 172 எதைப் பார்க்கப் போனாலும் இருக்கையை முன்னே தள்ளிவிட்டு அந்தத் துளைகளை விரலால் தடவிப் பாருங்கள். நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விரலிலேயே தெரியும்.

பைப்பரில் கவலை இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில். 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேட்டோனா பீச்சில் பயிற்சியில் இருந்த ஒரு பைப்பர் ஆரோவின் இடது இறக்கை வானில் கழன்று விழுந்து, அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். ஸ்பாரின் கீழ்ப்பகுதியில் போல்ட் துளையருகே உலோகச் சோர்வால் விரிசல் விட்டிருந்தது. அதன் பிறகு பிஏ-28 வரிசையின் குறிப்பிட்ட மாடல்களுக்கு, பறந்த மணிக்கணக்கைப் பொறுத்து, போல்ட்டைக் கழற்றி மின்காந்த முறையில் துளையைச் சோதிக்கும்படி எஃப்ஏஏ உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பயிற்சிப் பள்ளியில் அடிபட்ட விமானமா, ஒரே குடும்பத்திடம் இருந்ததா என்ற கேள்விக்கு இங்கே உயிரின் மதிப்பு உண்டு.

வானத்தில் ஒரு பாராசூட்

சிரஸ் கம்பெனியை ஆலன், டேல் கிளாப்மையர் சகோதரர்கள் 1984இல் விஸ்கான்சினில் தொடங்கினார்கள். இப்போது தலைமையிடம் மினசோட்டாவின் டுலூத். 1985இல் ஆலன் கிளாப்மையரின் விமானத்தின்மேல் நடுவானில் இன்னொரு விமானம் மோதியது. அவர் தப்பித்து இறங்கினார், மற்றவர் பிழைக்கவில்லை. விமானத்தையே சுமந்து இறங்கும் பாராசூட் ஒன்றை ஒவ்வொரு சிரஸிலும் வைத்தே தீருவது என்ற பிடிவாதம் அங்கிருந்துதான் வந்தது. கூரையில் ஒரு மூடி. அதற்குள் சிவப்புக் கைப்பிடி. இரு கைகளாலும் பலமாகக் கீழே இழுத்தால் பின்னாலிருந்து ராக்கெட் ஒன்று சீறிப் பாய்ந்து பாராசூட்டை இழுத்துச் செல்லும். விமானத்தின் மேற்பூச்சுக்கு அடியில் புதைத்து வைத்த வார்ப்பட்டைகள் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சற்று நேரத்தில் மொத்த விமானமும் குடையின்கீழ் தொங்கும். 2002இல் டெக்சாஸில் இது முதன்முதலாக ஓர் உயிரைக் காப்பாற்றியது. அதன்பின் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆகவே சிரஸ்தான் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடலாமா? வரலாறு அவ்வளவு நேராக இல்லை. முதல் சில ஆண்டுகளில் சிரஸின் உயிரிழப்பு விகிதம் மற்ற விமானங்களைவிடக் குறைவாக இல்லை. கைப்பிடி தலைக்கு மேலேயே இருந்தும் பலர் இழுக்காமலே இறந்தார்கள். விமானத்தைக் காப்பாற்றப் பார்த்துக் கடைசி வாய்ப்பைத் தவறவிட்டார்கள். அல்லது பாராசூட் விரிய உயரம் போதாத நிலைக்குப் போன பிறகு இழுத்தார்கள். கம்பெனியும் உரிமையாளர் சங்கமும் பயிற்சியை மாற்றி, ‘சந்தேகம் வந்தால் முதலில் இழு’ என்பதை மனத்தில் பதிய வைத்த பிறகுதான் விகிதம் தெளிவாக இறங்கியது. ஒவ்வொரு முறை ஓடுபாதையில் நிற்கும்போதும் எந்த உயரத்துக்கு மேல் கைப்பிடி என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவருக்கு அந்தப் பாராசூட் வெறும் சுமைதான்.

செலவும் சாதாரணமல்ல. பத்தாண்டுக்கு ஒரு முறை பாராசூட்டையும் ராக்கெட்டையும் மாற்றியாக வேண்டும். 15,000 டாலருக்கு மேல் ஆகும். விலை மலிவாக ஒரு பழைய எஸ்ஆர்22 கண்ணில் பட்டால், அந்தப் பத்தாண்டு எப்போது முடிகிறது என்று முதலில் பாருங்கள்; மலிவின் ரகசியம் பெரும்பாலும் அங்கே இருக்கும். 310 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குப் பதினேழு காலன் குடிக்கும். 172க்கு ஒன்பது காலன் போதும். நூறு மணி நேரம்கூடப் பறக்காத புது விமானிக்குக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் தொகை மலைக்க வைக்கும். தனிப் பயிற்சி இல்லாமல் தரவும் மாட்டார்கள். ஆனால் எரிபொருளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நான்கு பெரியவர்கள் உண்மையாகவே போகலாம். கூட வரும் மனைவிக்கோ கணவருக்கோ அந்தச் சிவப்புக் கைப்பிடி தரும் தைரியமும் சிறியதல்ல. விமானிக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரே இழுக்கலாம் என்பதை மட்டும் நினைத்து இதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவில் எனக்கு முழு மரியாதை உண்டு.

டயமண்ட் டிஏ40

ஆஸ்திரியாவின் வீனர் நொய்ஷ்டாட்டிலும் கனடாவின் லண்டன் நகரிலும் உருவாகும் விமானம் இது. எஞ்சினில்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் கட்டிய மரபில் வந்ததால் நீண்டு மெலிந்த இறக்கை. பாராசூட் இல்லாமலேயே நல்ல பாதுகாப்புப் பெயர். எரிபொருள் டேங்க் இறக்கையின் இரு ஸ்பார்களுக்கு நடுவே பத்திரமாக இருப்பதால் விபத்துக்குப் பின் தீப்பிடிப்பது அபூர்வம். கண்ணாடிக் கூரை வழியாகக் காட்சி அற்புதம். டெக்சாஸ் வெயிலில் தரையில் நிற்கும்போது அதே கூரை வாட்டி எடுக்கும்.

இதன் என்ஜி மாடலில் டீசல் வகை எஞ்சின். ஜெட் விமான எரிபொருளிலேயே ஓடும். இது வெறும் சிக்கனப் பேச்சல்ல. மற்ற மூன்றும் குடிக்கும் 100எல்எல் என்ற நீல நிறப் பெட்ரோலில் இன்னமும் ஈயம் இருக்கிறது. அந்த ஈயம் கலந்த காற்று மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2023இல் முறைப்படி அறிவித்தது. 2030க்குள் அதைக் கைவிடுவது அரசும் தொழில்துறையும் வைத்திருக்கும் இலக்கு. ஈயமில்லாத ஜி100யுஎல் எரிபொருளை எஃப்ஏஏ 2022இல் அனுமதித்தது. தன் விமானங்களில் அதை அங்கீகரிக்கவில்லை என்று 2024இல் சிரஸ் அறிவித்தது. இந்த இழுபறி எப்படி முடிந்தாலும் டிஏ40 என்ஜி வைத்திருப்பவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் டீசலுக்கு ஒரு கசப்பான முன்கதை இருக்கிறது. டயமண்டின் முந்தைய டீசல் எஞ்சின்களைத் தந்த ஜெர்மனியின் தீலெர்ட் கம்பெனி 2008இல் நொடித்துப்போனது. உத்தரவாதத்தை நம்பியிருந்த உரிமையாளர்கள் திடீரென்று தவித்து நின்றார்கள். டயமண்ட் ஆஸ்ட்ரோ என்ற தன் துணை நிறுவனத்தில் சொந்த எஞ்சின் செய்துகொண்டது. செஸ்னாவிலும் பைப்பரிலும் இருக்கும் லைகோமிங் எஞ்சினைப் பிரித்து மாட்டும் பட்டறை அமெரிக்கா முழுதும் உண்டு. ஆஸ்ட்ரோ டீசலுக்கு ஒரே கம்பெனியைத்தான் நம்ப வேண்டும்.

கம்பெனிகள் நிலைக்குமா?

1978இல் அமெரிக்கக் கம்பெனிகள் ஏறத்தாழ 17,800 சிறு விமானங்களை விற்றன. 1994இல் அது 928ஆகச் சரிந்தது. இடையில் நடந்தவற்றில் முக்கியமானது நஷ்டஈட்டு வழக்குகள். முப்பதாண்டு பழைய விமானம் விழுந்தாலும் தயாரித்தவர் மேல் வழக்கு. 1986இல் செஸ்னா 172 தயாரிப்பையே நிறுத்தியது. பைப்பர் 1991இல் திவாலானது. பதினெட்டு ஆண்டுக்கு மேற்பட்ட விமானத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று 1994இல் சட்டம் வந்த பிறகு, 1996இல் 172 மீண்டும் பிறந்தது. விளம்பரங்களில் 1987 முதல் 1995 வரையிலான 172 ஒன்றுகூடக் கண்ணில் படாததன் காரணம் இதுதான்.

இன்று செஸ்னா டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய குழுமத்தில் இருக்கிறது. எஞ்சின் செய்யும் லைகோமிங்கும் அதே குழுமம். பைப்பர் 2009 முதல் புரூனை அரசின் பணத்தில் நடக்கிறது. சிரஸும் டயமண்டும் சீன முதலாளிகளின் கையில். டெக்சாஸின் கெர்வில்லில் இருந்த மூனி அழகான, வேகமான விமானங்களைச் செய்தும் மூடித் திறந்து மூடி, இப்போது பாகங்கள் தரும் அளவில் நிற்கிறது. கம்பெனி விழுந்தாலும் விமானம் பறக்கும். ஆனால் ஒரே ஒரு பாகத்துக்காக மாதக்கணக்கில் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், கிடக்கும். ஆயிரக்கணக்கில் பறக்கும் மாடலுக்கு வேறு யாராவது அந்தப் பாகத்தைச் செய்து தருவார்கள். அதனால்தான் முதல் விமானத்துக்கு அபூர்வமான மாடல் வேண்டாம் என்கிறேன்.

பழையதை வாங்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் குறைவாகப் பறந்தது நல்லது என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். லைகோமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெய் வழிந்து கீழே போய்விடும்; ஈரக்காற்றில் கேம் துருப்பிடிக்கும்; பிறகு ஓட்டும்போது உலோகம் உதிரும். எஞ்சினைப் புதுப்பிக்க முப்பதாயிரம் டாலருக்கு மேல். வாரம் ஒரு முறை பறந்து 1,500 மணி ஓடிய எஞ்சினை, ஐந்தாண்டு தூங்கிய 300 மணி எஞ்சினைவிட நான் நம்புவேன். 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலாக இருந்தால், அதில் பொருத்தப்பட்ட எச்2ஏடி வகை எஞ்சின் இந்தக் கேம் தொல்லைக்குப் பேர் போனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆண்டுக்கு நூறு மணி நேரம்கூடப் பறக்க மாட்டோம் என்று தோன்றினால் தனியாக வாங்கவே வேண்டாம். ஹேங்கர் வாடகை, காப்பீடு, ஆண்டு ஆய்வு மூன்றும் விமானம் பறந்தாலும் நின்றாலும் வரும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒன்றை வாங்குவதோ உள்ளூர் பறக்கும் கிளப்பில் சேர்வதோ செலவைப் பாதிக்கும் கீழாக்கும். எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலை பேசி முடித்தாலும் முழுப் பணத்தைக் கொடுப்பதற்குமுன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். சிலிண்டர் அழுத்தத்தைப் பார்ப்பதோடு விடாமல், சிறு கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். எரிந்த அடையாளம் நடுவில் இல்லாமல் ஓரமாக ஒதுங்கியிருந்தால் அந்த வால்வுக்கு ஆயுள் கொஞ்சம்தான். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பதிவேடுகள் முதல் நாளிலிருந்து தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று நீங்களே உட்கார்ந்து படியுங்கள். நடுவில் ஒரு புத்தகம் தொலைந்திருந்தால் விலையில் பெரும் பகுதியைக் குறைத்துக் கேட்கலாம். கடன் பாக்கி ஏதாவது விமானத்தின் மேல் இருக்கிறதா என்பதை ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்தில் தேடித் தரும் நிறுவனங்கள் சொற்பக் கட்டணம்தான் வாங்குகின்றன. அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.